ஏலத்தில் எடுத்த சர்வீஸ்

கண் தெரியாதவளுக்குக் கோபம் வரக் கூடாது என்று எங்கள் ஊரில் ஒரு நினைப்பு உண்டு. பொறுமை, சாந்தம், பாட்டு, ஜெபம் இவ்வளவையும் எங்களுக்குத் தந்துவிட்டு, கோபத்தை மட்டும் பார்வையுள்ளவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். அந்தப் பங்குபிரிப்பில் எனக்குச் சம்மதமில்லை. நான் கோபக்காரி. அறுப்பின் பண்டிகை முடிந்து மாசங்கள் ஆகிவிட்டன, இன்னும் ஆறவில்லை. இதை எழுதும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

பாறசாலையில் பஸ் இறங்கி உள்ளே வர வேண்டிய கிராமம் எங்களுடையது. வீட்டில் அண்ணன், அண்ணி, நான். அண்ணன் அம்பூரிப் பக்கம் போய் ரப்பர் ஷீட் எடுத்து விற்கிறவன். எனக்குக் காலேஜ் முடிந்த கையோடு பார்வை முழுதாகப் போயிற்று. அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை. நெய்யாற்றின்கரை கோர்ட்டில் ஒரு வக்கீலம்மாவுக்கு வேலை செய்கிறேன். அவரிடம் வருகிறவர்களில் தமிழ்நாட்டு எல்லைப் பக்கத்து ஆட்கள் ஏராளம். தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் கலந்துதான் அவர்களுக்குப் பேச வரும். அவர்கள் சொல்வதையெல்லாம் வக்கீலம்மா போனில் பதிவு செய்து எனக்கு அனுப்புவார். நான் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அழுகையையும் திட்டையும் கழித்து, விஷயத்தை முன்னும் பின்னும் ஒழுங்குபடுத்தி, மலையாளத்தில் பிரமாணப் பத்திரமாக அடித்துக் கொடுப்பேன். கண்ணுள்ள டைப்பிஸ்டுகள் அந்தக் கோர்ட் வாசலில் வரிசையாக இருக்கிறார்கள். எங்கள் பேச்சைப் பிசகாமல் எடுக்க ஆள் குறைவு. அதனால்தான் அந்த வேலை என் கையில் நின்றது. அது இருப்பதால்தான் நான் அண்ணன் வீட்டில் ஒரு மனுஷியாக இருக்கிறேன். இல்லாவிட்டால் அவன் ஜெபத்தில் வருகிற ஒரு விண்ணப்பமாக இருந்திருப்பேன்.

என் கம்ப்யூட்டரில் முதலில் இருந்தது எல்லார் வீட்டிலும் இருக்கும் அந்தக் கம்பெனி சிஸ்டம்தான். பெயரைச் சொல்ல மாட்டேன். கூலியில்லாமல் விளம்பரம் செய்ய எனக்கென்ன தலையெழுத்து? திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருளைத் தனியாக விலைக்கு வாங்க வேண்டும் என்றார்கள். விலையைக் கேட்டு அண்ணன் இருமினான். ஆகவே சோதித்துப் பார்க்கத் தரும் பிரதியை வைத்துக்கொண்டு காலம் தள்ளினேன். அது கொஞ்ச நேரம் பேசும், பிறகு வாயை மூடிக்கொள்ளும். மெஷினை அணைத்துப் போட்டால் மறுபடி பேசும். ஒரு பக்கம் அடித்து முடிப்பதற்குள் அணைத்துப் போட்டு அணைத்துப் போட்டு எனக்கு விரலைவிடப் பொறுமைதான் முதலில் தேய்ந்தது.

என்னைப் போன்றவர்கள் கூடிப் பேசும் ஒரு போன் குழுவில் கோழிக்கோட்டுக்காரர் ஒருவர் லினக்ஸ் என்ற இலவச சிஸ்டம் பற்றிச் சொன்னார். அவருக்கும் பார்வை இல்லை. “காசும் கொடுக்க வேண்டாம், களவும் செய்ய வேண்டாம். திரை வாசிப்பான் அதிலேயே உண்டு” என்றார். கம்பெனி சிஸ்டத்திலும் இலவசமாக ஒரு வாசிப்பான் போட்டுக்கொள்ளலாம் என்று பிறகு வேறு சிலர் சொன்னார்கள். இருக்கட்டும். என் வழக்கு அதுவல்ல. எனக்கு முதலில் கை கொடுத்தது இது. நான் இதில் குடியேறிவிட்டேன்.

குடியேறுவது என்றால் சும்மா இல்லை. முதல் நாள் அந்தக் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசியது. தமிழ் பேசியது, மலையாளம் பேசியது, இரண்டையும் ஊருக்கு வந்த வெள்ளைக்காரனைப் போலப் பேசியது. நம்முடைய ஊர்ப் பெயர்கள், வீட்டுப் பெயர்கள், கோர்ட்டில் புழங்கும் சொற்கள் எல்லாம் அதன் வாயில் சிதைந்தன. ஆனால் அதைத் திருத்தலாம். எந்தச் சொல்லை எப்படிச் சொல்ல வேண்டும் என்று நாமே எழுதிக் கொடுக்கலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். கோழிக்கோட்டுக்காரர் போனில் சொல்லச் சொல்ல நான் கற்றுக்கொண்டேன். வேலைக்கு நடுவே ஒரு சொல் தட்டினால் நிறுத்தி, அதைச் சரிசெய்துவிட்டுத்தான் மேலே போவேன். வருஷங்கள் போகப் போக அந்தக் குரல் எங்கள் ஊர்க்காரியாகிவிட்டது. அதியன்னூர் என்று அது சொன்னால் அதியன்னூர்க்காரர்களே தலையாட்டுவார்கள். நான் வளர்த்த குரல் அது.

வீட்டில் மட்டும் அதற்கு மரியாதை கிடையாது. கேரளத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரும் லினக்ஸில்தான் கம்ப்யூட்டர் படிக்கிறார்கள். வேறு ஊர்களில் இது பெரிய விஷயமாக இருக்கலாம். எங்கள் ஊரில் அதனாலேயே அதற்கு மதிப்பில்லாமல் போயிற்று. பிள்ளைகளுக்கு அரசாங்கம் சும்மா கொடுக்கிற சாதனம் என்று பெயர். ரேஷன் அரிசியை வாங்கி வந்து, விருந்தாளி வந்தால் உள்ளே மறைக்கிறோமே, அந்த இடத்தில் வைத்துவிட்டார்கள். வீட்டுக்கு யாராவது வந்து என் மெஷினைப் பார்த்து “இதென்ன, ஸ்கூல்ல உள்ளதுல்லா?” என்று கேட்டால் அண்ணனுக்கு முகம் சுண்டிப்போகும். முகம் சுண்டுவது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவன் உடனே தொண்டையைச் செருமிக்கொண்டு ரப்பர் விலையைப் பேசத் தொடங்குவான்.

“மக்கா, நல்ல ஒண்ணு போட்டுத் தாறேன். ஆளுவ கேட்டா நாணக்கேடாக்கும்” என்பான்.

“உனக்குத்தான் நாணக்கேடு. எனக்கு வேலை நடக்குது” என்பேன்.

அத்தோடு நின்றது என்றுதான் நினைத்திருந்தேன்.

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகைக்கு அவரவர் விளைச்சலின் முதல் பங்கைக் கொண்டுவந்து காணிக்கையாக வைப்பார்கள். ஏத்தன் வாழைக்குலை, மரச்சீனிக் கிழங்கு, பலாப்பழம், சேவல், ரப்பர் ஷீட். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம். சந்தையில் சும்மா கிடக்கும் பூசணிக்காய் அங்கே பொன் விலைக்குப் போகும். ஏலத்தில் உயர்த்திக் கேட்பது ஒரு அந்தஸ்து. இப்போது நிலம் வைத்திருப்பவர்கள் குறைந்து போனார்கள். அதனால் தொழில் செய்கிறவர்கள் தங்கள் தொழிலின் பலனை வைக்கிறார்கள். தையல்காரி ஒரு ஜாக்கெட் தைத்துத் தருவதாக அட்டையில் எழுதி வைப்பாள். பெயின்டர் ஒரு அறைக்கு வெள்ளையடித்துத் தருவதாக எழுதி வைப்பான். பாறசாலையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஒருவன், எங்கள் சபைக்காரன்தான், இந்த முறை ஒரு அட்டை வைத்தான். சேவலுக்கும் பலாப்பழத்துக்கும் நடுவே அதற்கும் சேர்த்து ஜெபம் நடந்தது.

ஏலம் விடுகிறவர் கத்தினார்: “கம்ப்யூட்டருக்கு ஃபுல் சர்வீஸ்! ஆரு கேக்குது? ஒரு தரம்!”

அண்ணன் கேட்டான். இன்னொருவர் கூட்டினார். அண்ணன் அதற்கு மேல் கூட்டினான். கடைசியில் ஒரே தாவாகத் தாவி, “எந் தங்கச்சிக்காக்கும்!” என்றான். முற்றமே கைதட்டியது. பக்கத்தில் நின்ற பெண்கள் என் தோளைத் தட்டி, இப்படி ஒரு அண்ணன் கிடைக்கப் புண்ணியம் செய்திருக்க வேண்டும் என்றார்கள். நானும் சிரித்தேன். ஃபுல் சர்வீஸ் என்றால் உள்ளே அடைந்த தூசியை ஊதித் துடைப்பது என்று நினைத்தேன். ஃபேன் கொஞ்ச நாளாகவே கரகரத்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கு நடக்கும்போதே அவனிடம் சொன்னேன்: “தூசி மட்டும் தட்டச் சொல்லு. உள்ளே ஒண்ணையும் தொடக் கூடாது.” “சரி மக்கா, சரி” என்றான். அந்த இரண்டு ‘சரி’யும் இப்போதும் என் காதில் உண்டு.

செவ்வாய்க்கிழமை நான் நெய்யாற்றின்கரைக்குப் போயிருந்த நேரத்தில் அண்ணன் மெஷினைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய், சாயங்காலத்துக்குள் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டான். நான் வந்ததும் அண்ணியும் அவனும் பின்னால் வந்து நின்றார்கள். பிறந்தநாள் கேக் வெட்டக் காத்திருப்பவர்களைப் போல ஒரு அடக்கிய சந்தோஷம். சுவிட்சைப் போட்டேன். ஃபேன் சத்தமில்லாமல் ஓடியது. கடைக்காரன் அருமையாகத் தூசி தட்டியிருந்தான். அப்புறம் எனக்குப் பழக்கமில்லாத ஒரு சங்கீதம் கேட்டது. அப்புறம் ஒன்றும் இல்லை.

காத்திருந்தேன். குரலை எழுப்பும் விசைகளை அழுத்தினேன். மறுபடி அழுத்தினேன். என்னெதிரே ஒரு பெட்டி இருந்தது, அவ்வளவுதான். என் பார்வைகூட இப்படிப் போகவில்லை. அது கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. இது ஒரே பகலில் போயிற்று.

“என்ன செய்து வச்சிருக்கிய?” என்றேன்.

“அந்த ஸ்கூல் சாதனத்த எடுத்துக் களைஞ்சாச்சு. புத்தம் புதுசு போட்டிருக்கு. படம் எப்பிடித் தெளிவா இருக்கு பாத்தியா?” என்றான் அண்ணன்.

பாத்தியா என்று என்னிடம் கேட்டான்.

நான் கத்தினேன். அக்கம்பக்கத்தில் கேட்கும்படி கத்தினேன். அம்பூரி ரப்பர் தோட்டத் தகராறு ஒன்றில் பாதி அடித்து வைத்திருந்த பிரமாணப் பத்திரம் போயிற்று. அதற்காக நான் எடுத்து வைத்த குறிப்புகள் போயின. வருஷக்கணக்காக நான் திருத்தித் திருத்தி வளர்த்த குரல் போயிற்று. நகல் எடுத்து வைக்கவில்லையா என்று கேட்பவர்களுக்கு: எடுத்தேன். மெஷினின் பின்பக்கம் செருகிய பென்டிரைவில் எடுத்தேன். தடவிப் பார்த்தால் அந்த இடம் காலியாக இருந்தது.

“உனக்கு ஒரு நல்லது செய்யப் போனா இப்பிடியா கெடந்து சாடுவே?” என்றான் அண்ணன். அவனுக்கு உண்மையாகவே வருத்தம். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம். இவன் நல்லவன், என்னை ஒரு வார்த்தை கேட்காத நல்லவன். அண்ணி தன் பங்குக்கு, “கொஞ்ச நாள் பழகினா சரியாவும்” என்றாள். எதைப் பழகுவது? ஊமைப் பெட்டியையா?

அடுத்து அவர்கள் கவலைப்பட்டது என்னைப் பற்றியல்ல, சபையைப் பற்றி. எங்கள் ஊரில் பண்டிகை ஏலத்தில் எடுத்ததைக் குறை சொல்லக் கூடாது. பலாப்பழத்தை வெட்டினால் உள்ளே அழுகியிருந்தாலும் வாய் திறக்காமல் குப்பையில் போட வேண்டும். ஜெபித்துக் கொடுத்த பொருள். “நீ வெளியில ஒண்ணும் சொல்லாண்டாம். சபையில நான் எப்பிடித் தல நிமிந்து நடக்குது?” என்றான். அவன் தலை நிமிர நான் வாய் மூட வேண்டும். மெஷினும் மூடிக்கொண்டது, நானும் மூடிக்கொள்ள வேண்டும்!

மறுநாள் வக்கீலம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் மலையாளத்தில் பேசுகிறவர், நல்ல மனுஷி. “சாரமில்ல மோளே, இது நான் வேறே ஆளெக் கொண்டு செய்யிக்காம்” என்றார். பரவாயில்லை, வேறு ஆளை வைத்துச் செய்துகொள்கிறேன் என்று அர்த்தம். அந்தப் பரவாயில்லையைப் போல என்னைப் பயமுறுத்திய சொல் வேறில்லை. திங்கட்கிழமை இரண்டு கட்சிக்காரர்கள் வருகிறார்கள், அதற்குள் நான் தயாராவேனா என்றும் கேட்டார். ஆவேன் என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது. வேறு ஆள் ஒரு தடவை நன்றாகச் செய்துவிட்டால் பிறகு என்னை ஏன் கூப்பிடப் போகிறார்? பாவம் பார்த்து வேலை கொடுக்கிற இடமா கோர்ட்?

வெள்ளிக்கிழமை ஆட்டோ பிடித்துப் பாறசாலைக் கடைக்குப் போனேன். கூட யாரும் வேண்டாம் என்றேன். கடைக்காரன் நாற்காலியை இழுத்துப் போட்டு, “இரிங்க சேச்சி, இரிங்க” என்று உபசரித்தான்.

“என்ன போட்டிருக்கே?”

“லேட்டஸ்ட் கம்பெனி சிஸ்டம் ஆக்கும் சேச்சி. எல்லாம் உண்டு.”

“காசு குடுத்து வாங்கினதா?”

சிரித்தான். “ஆரு வாங்குது? எல்லாருக்கும் இதாக்கும் போட்டுக் குடுக்குது.”

“கர்த்தருக்கும் இதத்தான் போட்டியா?”

சிரிப்பு நின்றது. எனக்கு அப்போதுதான் முழுக் கோபமும் வந்தது. பத்துக் கட்டளையையும் தூக்கத்தில் கேட்டால்கூட ஒப்பிக்கிறவர்கள் நாங்கள். களவாண்ட சரக்கைப் பலாப்பழத்தோடு வைத்து, அதற்கு ஜெபமும் செய்து, கைதட்டி ஏலம் போட்டு, என் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதை வைக்க இடம் வேண்டுமென்று, ஊரறிய யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று கொடுத்த நேர்மையான ஒன்றை அழித்திருக்கிறார்கள். அது மட்டும் கேவலமாம்! சும்மா கிடைத்ததாம்!

“பின்னால ஒரு பென்டிரைவ் இருந்துதே?” என்றேன்.

“அது… வேற ஒருத்தருக்கு சிஸ்டம் போட அவசரமா எடுத்தேன். காலியாக்கித் தாறேன் சேச்சி.”

“காலியாக்கியாச்சே. இனி என்னத்தக் காலியாக்குவே?”

அவன் எதிரிலேயே கோழிக்கோட்டுக்காரரைப் போனில் கூப்பிட்டேன். எந்த லினக்ஸ், எங்கேயிருந்து இறக்க வேண்டும் என்று அவர் சொல்ல, கடைக்காரன் அதே பென்டிரைவில் அதை ஏற்றினான். ஃபுல் சர்வீஸ் இன்னும் முடியவில்லை என்று சொல்லித்தான் அவனை உட்கார வைத்தேன். வாசல்வரை வந்து ஆட்டோவில் ஏற்றிவிட்டு, “சபையில சொல்லாதிய சேச்சி” என்றான். அண்ணன் சொன்ன அதே பேச்சு. இந்த ஊர் ஆண்களுக்கு எல்லாம் சேர்த்து ஒரே பயம்தான் போலிருக்கிறது. சொல்வேன் என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே பெண்கள் கூட்டத்தில் சொன்னேன். ஒருத்தி, ஏலப் பொருளைக் குறை சொல்கிறாயே என்று என் கையைப் பிடித்து அழுத்தினாள். இரண்டு பேர் எழுந்து போனார்கள். மற்றவர்கள் என்ன முகம் காட்டினார்களோ, அது என் கவலையல்ல.

வேலை என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமைக் கோப்புகளில் ஒன்றை முடித்துக் கொடுத்தேன். மற்றொன்று அந்த வேறு ஆளுக்குப் போயிற்று. இப்போது வக்கீலம்மாவின் வேலை எங்கள் இரண்டு பேருக்கும் பாதிப் பாதி. குரல் இன்னும் அதியன்னூரைத் தட்டுத் தடுமாறித்தான் சொல்கிறது. மறுபடி ஒவ்வொரு சொல்லாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன். போனதில் பாதிகூட இன்னும் வரவில்லை.

கூட்டத்தில் சொல்வதற்கு முந்தின நாள், சனிக்கிழமை மத்தியானம், சோறு தின்ற கையோடு பென்டிரைவைச் செருகினேன். மெஷின் ஒரு ‘பீப்’ கொடுத்தது. கோழிக்கோட்டுக்காரர் சொல்லித் தந்தபடி ஒரு எழுத்தையும் என்டரையும் தட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அந்தப் பழைய தகரக் குரல், திருத்தாத குரல், ஆங்கிலத்தில் பேசியது. நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அதையும் கோபம் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

அண்ணன் ஓடிவந்தான். “எலே, என்ன செய்யுதே? ஜெபம் பண்ணித் தந்ததாக்கும். சும்மா வச்சிரு. உனக்கு வேணுமுன்னா வேற ஒரு பழைய மெஷின் வாங்கித் தாறேன்.” எலே என்று ஆண்பிள்ளைகளைத்தான் கூப்பிடுவான். அவ்வளவு வெப்ராளம், அவ்வளவு பதற்றம். நான் மெஷின் கேட்ட ஒவ்வொரு கேள்வியாகத் தாண்டிப் போனேன். மொழி எது, ஊர் எது, பெயர் என்ன. எல்லாவற்றையும் அது கேட்டது, நான் சொன்னேன், அடுத்ததுக்குப் போனது. பிறகு ஒரு இடத்தில் நின்றது. நீளமாக ஏதோ சொல்லிவிட்டு, ஆமா, இல்லையா என்று கேட்டு நின்றது. அங்கே வெறுமனே என்டர் தட்டினால் ‘இல்லை’ என்றே எடுத்துக்கொள்ளும்.

“என்ன கேக்குது?” என்றான் அண்ணன்.

“இதுல உள்ளது எல்லாம் அழிஞ்சு போவும், அழிக்கட்டுமான்னு கேக்குது.”

“மெஷினாக்கும். எழுதி வச்சத கேக்குது.”

“ஆமா. என்னக் கண்டே இல்லாத எவனோ ஒருத்தன், அழிக்கதுக்கு முன்ன எங்கிட்ட கேக்கணும்னு நெனச்சு எழுதி வச்சிருக்கான். நீ எங்கூட ஒரே வீட்டுல இருக்கே.”

அண்ணன் தொண்டையைச் செருமினான். ரப்பர் விலை வரும் என்று காத்திருந்தேன்; வரவில்லை. நான் ‘ஆம்’ என்று அடித்தேன்.